சில்லு மாற்றிப் போடும்போது எங்கே சிக்கும்: மலைநாட்டுக் கார்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

முன் சில்லுகளைப் பின்னுக்கும் பின் சில்லுகளை முன்னுக்கும் மாற்றிப் போடுவது ஒரு மணித்தியால வேலை. இலங்கையின் மலைநாட்டில் அது அரைநாளாக இழுபடுவதற்குக் காரணம் இரண்டு: ஹப்பில் (சில்லைப் பூட்டும் நடுப்பகுதியில்) ஏறிய துரு, சமதரை இல்லாத முற்றம். மாற்றிய பிறகு கிளம்பும் நடுக்கமும் இழுவையும் சத்தமும் பல நேரம் துருவைச் சுரண்டாமல் சில்லை ஏற்றியதால் வருபவை, அல்லது நட்டைக் கைமதிப்பில் இறுக்கியதால் வருபவை. கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதலில் அந்த இரண்டையும் பாருங்கள். அலைன்மென்ட்டுக்கு (சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்வதற்கு) காசு கொடுப்பது அதற்குப் பிறகு.

சமதரையில் ஓடும் கார்களுக்கு 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பது வழமை. கினிகத்தேனை வளைவுகளிலும் ரம்பொடை இறக்கத்திலும் நாளாந்தம் ஏறி இறங்கும் கார்களுக்கு 5,000 முதல் 6,000க்குள் செய்துவிடுவது நல்லது. இறக்கத்தில் பாரமும் பிரேக்கும் முன் சில்லுகள்மேல்தான் விழுகின்றன. கொண்டை ஊசி வளைவுகள் அவற்றின் வெளித்தோளை (தரையில் படும் முகத்தின் வெளி ஓரத்தை) தின்கின்றன.

கையில் இருக்க வேண்டியவை: 2 தொன் ட்ரொலி ஜாக்கி ஒன்று, தூக்கிய காரைத் தாங்க ஸ்டாண்ட் இரண்டு, சில்லுக்கு முட்டுக் கொடுக்க ஆப்புக் கட்டை நான்கு, 30 சென்ரிமீற்றர் சதுரத்தில் 4 சென்ரிமீற்றர் தடிப்பான பலகை இரண்டு, 19, 21 மில்லிமீற்றர் சொக்கட், 60 சென்ரிமீற்றர் நீளக் கைப்பிடி, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச், வயர் பிரஷ், துரு இளக்கும் எண்ணெய், காற்றுமானி, சோக்கட்டி. சுசுகி, ஹொண்டா நட்டுக்குப் பெரும்பாலும் 19. டொயோட்டா, நிசானுக்கு 21. காரோடு வந்த கத்தரி ஜாக்கியும் தூக்கும். ஆனால் ஸ்டாண்ட் கொடுக்காமல் அதை நம்பிக் கையையோ காலையோ காருக்கு அடியில் நீட்ட வேண்டாம்.

தூக்கும்போது கார் நகர்கிறது, ஜாக்கி சாய்கிறது

இடம்தான் முதல் காரணம். லயத்து முற்றமோ தோட்டத்து வீதியோ கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் சமமாக இருக்காது. ஒரு போத்தலைப் படுக்கப் போட்டுப் பாருங்கள். உருண்டால் அங்கே வேலை செய்ய வேண்டாம். பாடசாலை மைதானத்து ஓரம், கோயில் வாசல், பெட்ரோல் ஷெட்டின் சிமெந்துத் தரை என்று எங்காவது கேட்டு நிறுத்துங்கள்.

இரண்டாவது, எது எந்தச் சில்லைப் பிடிக்கிறது என்ற குழப்பம். ஹேண்ட் பிரேக் பின் சில்லுகளைத்தான் பிடிக்கும். பின்பக்கம் ஒன்றைத் தூக்கினால் அந்தப் பிடி பாதியாகிவிடும். முன் சில்லு இழுக்கும் காரில் கியரில் விடுவதும் ஓட்டோ கியரை ‘பி’யில் வைப்பதும் முன் சில்லுகளை மட்டும்தான் நிறுத்தும். அதிலும் ஒரு முன் சில்லு மேலே தூக்கியிருந்தால் அது சுழல, தரையில் இருக்கும் மற்றது உருளத் தொடங்கலாம். ஆகவே இரண்டையும் போடுங்கள்: ஹேண்ட் பிரேக், கூடவே முதலாம் கியர் அல்லது ‘பி’. தூக்கும் சில்லுக்கு மூலைவிட்டமாக எதிரே இருக்கும் சில்லின் முன்னும் பின்னும் கட்டை.

ஜாக்கி நேராக நின்று மெல்லப் புதைந்தால் மண் ஈரம். பலகையை அடியில் போடுங்கள். இரவு முழுக்க மழை பெய்த தரையில் ஸ்டாண்டுக்கும் பலகை வேண்டும். பலகையே புதைந்தால் அன்றைக்கு வேலை வேண்டாம்.

தூக்கும் இடத்தில் தகரம் உள்வாங்கினால் உடனே இறக்குங்கள். காரின் பக்கவாட்டு விளிம்பில் இரண்டு வெட்டுகளுக்கு நடுவே இருப்பதுதான் ஜாக்கி வைக்கும் இடம். அங்கேயே துரு தின்றிருந்தால் அது தகர வேலை செய்யும் கராஜுக்கான கேஸ்; சில்லு மாற்றுவது பிறகு.

நட்டு அசையவில்லை

சில்லு தரையில் இருக்கும்போதே நட்டை இளக்குங்கள். தூக்கிய பிறகு இளக்கப் போனால் சில்லு சுற்றும், கார் ஆடும்.

அசையாவிட்டால் முதலில் கைப்பிடியை நீளமாக்குங்கள். 60 சென்ரிமீற்றர் போதும். இல்லையென்றால் ஸ்பேனருக்கு மேல் ஒரு ஜீஐ பைப். சொக்கட் நட்டில் முழுதாக இறங்கியிருக்க வேண்டும், கைப்பிடி தரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும், அழுத்துவது கீழ்நோக்கி. சிறிய லொறியென்றால் போல்ட்டின் நுனியைத் துடைத்துப் பாருங்கள். பழைய ஜப்பான் லொறிகள் சிலவற்றில் இடப்பக்க நட்டுகள் எதிர்த்திசையில் கழலும். போல்ட் நுனியில் ‘எல்’ எழுத்து பொறித்திருக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே துரு இளக்கும் எண்ணெயைத் துளியாக விட்டு 20 நிமிடம் காத்திருங்கள். பிரேக் டிஸ்க்கில் படக் கூடாது. பிறகு இளக்கும் திசையில் திடீரென்று உதைக்காமல், கொஞ்சம் இறுக்கும் பக்கம் தட்டி, பிறகு இளக்கும் பக்கம் அழுத்துங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தால் துரு விட்டுவிட்டது.

சொக்கட் வழுக்கி நட்டின் மூலை மழுங்கினால், அல்லது நட்டோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றினால், நிறுத்துங்கள். முதலாவதற்கு மழுங்கிய நட்டு கழற்றும் சொக்கட் வேண்டும். இரண்டாவதற்கு நட்டை வெட்டி எடுத்துப் புது போல்ட் அடிக்க வேண்டும். இரண்டும் கராஜ் வேலை. நான்கு நட்டுக் காரில் மூன்றோடு இறக்கம் இறங்குவதைவிட, பாஸை (மெக்கானிக்கை) வீட்டுக்கு வரச் சொல்லும் செலவு மலிவு.

நட்டு கழன்றது, சில்லு வரவில்லை

இது இங்கே அடிக்கடி வரும் பிழை. மழையும் பனியும் ஓயாத ஊரில் ஹப்பின் நடு விளிம்பும் ரிம்மின் நடுத்துளையும் துருவால் ஒட்டிப்போகும். அலோய் ரிம்மில் இது இன்னும் மோசம்.

ஸ்டாண்ட் கொடுத்த நிலையில் டயரின் பக்கச் சுவரை முதலில் இடது ஓரத்திலும் பிறகு வலது ஓரத்திலும் குதிகாலால் மாறி மாறி உதைக்கலாம். ஒரு நட்டையாவது மூன்று சுற்று ஏற்றி வையுங்கள். சில்லு திடீரென்று விழுந்தால் அது தாங்கும். சில்லின் கீழே கால் நீட்டி உட்கார்ந்து இழுக்க வேண்டாம்.

வராவிட்டால் நடுத்துளை விளிம்பில் எண்ணெய் விட்டு 20 நிமிடம். பிறகு ஒரு மரக்கட்டையை ரிம்மின் உட்பக்கம் வைத்து அதன்மேல் சுத்தியலால் தட்டுங்கள். ஒரு தட்டு, சில்லைக் கால் சுற்று சுற்றி இன்னொரு தட்டு. இரும்புச் சுத்தியல் நேராக ரிம்மில் பட்டால் வெடிக்கும், டிஸ்க்கில் பட்டால் டிஸ்க் வளையும்.

அதற்கும் அசையாவிட்டால் எல்லா நட்டுகளையும் விரலால் முழுக்க ஏற்றி, ஒவ்வொன்றையும் ஒரு சுற்று மட்டும் பின்வாங்கி, காரைத் தரையில் இறக்குங்கள். சமதரையில் நடக்கும் வேகத்தில் ஒரு மீற்றர் முன்னே, ஒரு மீற்றர் பின்னே, ஒவ்வொரு முறையும் பிரேக்கைச் சட்டென்று மிதித்து. ‘டொக்’ என்று விட்டுக்கொடுக்கும். இதைச் சரிவிலோ வீதியிலோ செய்யக் கூடாது. இரண்டு மூன்று முறையில் விடாவிட்டால் நட்டுகளை இறுக்கிக்கொண்டு டயர் கடைக்குப் போங்கள். தொடர்ந்து அடித்தால் ஹப் பெயாரிங்கில்தான் செலவு வரும்.

பின் சில்லு மட்டும் வராமல், கழற்றும்போது பிரேக் ட்ரம்மும் சேர்ந்து வெளியே நகர்ந்தால், ட்ரம்மைத் திரும்பத் தள்ளி உட்கார வையுங்கள். ஹேண்ட் பிரேக்கைத் தொட வேண்டாம்.

கழன்ற பிறகு செய்வதுதான் முக்கியம். ஹப்பின் முகம், ரிம்மின் உட்புற முகம் இரண்டையும் வயர் பிரஷால் உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். நடு விளிம்பில் மட்டும் செப்புப் பசையோ கிரீஸோ ஒரு மென்படலம், அடுத்த முறை ஒட்டாமல் இருக்க. போல்ட் மரையிலும் நட்டு உட்காரும் குழியிலும் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். மரை வழுக்கினால் டோர்க் ரென்ச் சரியான எண்ணைக் காட்டும்போதே போல்ட் அளவுக்கு மேல் இழுபட்டிருக்கும்.

எதை எங்கே போடுவது

கழற்றும்போதே ஒவ்வொரு டயரிலும் சோக்கட்டியால் பழைய இடத்தை எழுதுங்கள்.

முன் சில்லு இழுக்கும் கார்களில் (ஆல்டோ, வேகன் ஆர், விட்ஸ், எக்சியோ) முன் சில்லுகள் அதே பக்கமாகப் பின்னுக்கு. பின் சில்லுகள் பக்கம் மாறி முன்னுக்கு. பின் சில்லு இழுக்கும் வேன்களில் தலைகீழ்: பின்னவை நேராக முன்னுக்கு, முன்னவை பக்கம் மாறிப் பின்னுக்கு. பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் பக்கம் மாற்றவே கூடாது; முன்னும் பின்னும் மட்டும். முன் அளவும் பின் அளவும் வேறென்றால் முன்பின் மாற்றமே இல்லை.

ஜாக்கி ஒன்றுதான், ஸ்பெயார் சில்லு உண்டு என்றால் ஐந்து தூக்கலில் முடிக்கலாம். முன் இடதைக் கழற்றி அங்கே ஸ்பெயார். பின் இடதைக் கழற்றி அங்கே முன் இடது. முன் வலதைக் கழற்றி அங்கே பின் இடது. பின் வலதைக் கழற்றி அங்கே முன் வலது. கடைசியில் ஸ்பெயாரைக் கழற்றி அங்கே பின் வலது. கழற்றிய சில்லைக் காரின் விளிம்புக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள்; ஜாக்கி சரிந்தாலும் கார் அதன்மேல்தான் இறங்கும்.

மாற்றுவதற்கு முன் டயரைப் படியுங்கள். இரண்டு தோளும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். உட்தோள் மட்டும், அல்லது ஒரு சில்லு மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். உள்ளங்கையால் குறுக்கே தடவும்போது போகும் பக்கம் வழவழப்பும் வரும் பக்கம் அரம்போலவும் பட்டால் அதுவும் அலைன்மென்ட்தான். பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் ஷொக் அப்சோபர் அல்லது பேலன்ஸ். இவற்றைச் சரிசெய்யாமல் மாற்றினால் நல்ல டயர் இரண்டும் அதே மாதிரித் தேயும், அவ்வளவுதான். முன் டயர் இரண்டின் வெளித்தோளும் ஒரே அளவாகத் தேய்ந்து, காற்றும் சரியாக இருந்தால் அது வளைவுகளின் வேலை, கவலைப்படாமல் மாற்றுங்கள்.

ஒரு விதிவிலக்கு. பள்ளத்தின் ஆழம் முன் டயரில் 3 மில்லிமீற்றரும் பின் டயரில் 6ம் இருந்தால் மாற்ற வேண்டாம். ஈர வீதியில் இறக்கத்து வளைவில் மொட்டை டயர் பின்னால் இருந்தால் காரின் வால் வீசும். ஸ்டியரிங்கால் அதைப் பிடிக்க முடியாது. தேய்ந்த இரண்டையும் முன்னாலேயே முடித்து, புது இரண்டை வாங்கிப் பின்னால் போட்டு, பின்னால் இருந்ததை முன்னுக்குக் கொண்டுவருவதே பாதுகாப்பு. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீற்றர் உயரம். டயர் அதற்குச் சமமாகிவிட்டால் எந்த இடத்துக்கும் உதவாது. வேனின் பின்னால் ரீபில்ட் டயர் (பழைய டயரில் புது முகம் ஒட்டியது) இருந்தால் அதையும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டாம்.

நட்டு விரலால் ஏறவில்லை

ஐந்தாறு சுற்று விரலாலேயே ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஸ்பேனரைத் தொடாதீர்கள். மரையில் மண் இருக்கலாம். வயர் பிரஷ் போதும். சாய்வாக ஏறியிருக்கலாம், எதிர்ப்பக்கம் அரைச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி பிடியுங்கள். அல்லது நட்டே வேறு காருடையது. டொயோட்டா, ஹொண்டா போல்ட்டின் மரை 12க்கு 1.5 (தடிப்பும் மரை இடைவெளியும் மில்லிமீற்றரில்), சுசுகி, நிசான் 12க்கு 1.25. பார்வைக்கு ஒன்று, ஏற்றினால் இரண்டு சுற்றில் சிக்கி மரையைக் கெடுக்கும்.

மரை பொருந்தினாலும் உட்காரும் முகம் பொருந்த வேண்டும். வெளியில் வாங்கிய ரிம்களுக்குக் கூம்பு முக நட்டு, ஹொண்டாவின் அசல் ரிம்முக்கு உருண்டை முக நட்டு, டொயோட்டாவின் அசல் அலோய் சிலவற்றுக்கு வாஷரோடு தட்டை முக நட்டு. ரிம் மாறி நட்டு மாறாத கார்தான் பத்து நாளில் டக் டக் என்று வரும்.

இறுக்குவது நட்சத்திர வரிசையில், அதாவது ஒன்றுக்குப் பிறகு அதற்கு எதிரே இருப்பது: முதல் சுற்று விரலால், இரண்டாவது பாதி இறுக்கம் சில்லு தரையைத் தொடும் நிலையில், மூன்றாவது முழு இறுக்கம் காரை இறக்கிய பிறகு. சுசுகி சிறு கார்கள் பலவற்றுக்கு 85 நியூட்டன் மீற்றர், டொயோட்டாவுக்கு 103, ஹொண்டாவுக்கு 108. உங்கள் காரின் கைநூல் வேறு சொன்னால் அதுதான் கணக்கு. டோர்க் ரென்ச் இல்லாதவர்கள் கொழுந்து நிறுக்கும் கொக்கித் தராசைப் பயன்படுத்தலாம். நட்டின் நடுவிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளிக் கைப்பிடியில் கொக்கியை மாட்டிச் செங்குத்தாக இழுங்கள்: 85க்கு 29 கிலோ, 103க்கு 35, 108க்கு 37. ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 60 கிலோ ஆள் 25 சென்ரிமீற்றர் கைப்பிடி நுனியில் சும்மா நின்றாலே 147 நியூட்டன் மீற்றர் வருகிறது.

ஓடும்போது ‘டக் டக்’

உடனே ஓரம் கட்டுங்கள். வேகத்தோடு சேர்ந்து விரையும் டக் டக், முதலில் இளகிய நட்டு என்றே எடுக்க வேண்டும். எல்லா நட்டுகளையும் இறுக்கிப் பார்த்து, ஒன்று கால் சுற்றுக்கு மேல் ஏறினால் அந்தச் சில்லைக் கழற்றித் துளைகளைப் பாருங்கள். துளை நீள்வட்டமாகியிருந்தால் ரிம் போய்விட்டது, போல்ட்டுகளும் சந்தேகம். லொறியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். நட்டுகள் இறுக்கமாக இருந்தால் டயர் பள்ளத்தில் கல் இருக்கிறதா என்று பாருங்கள். காரியம் அவ்வளவு லேசாக முடிவதும் உண்டு.

இந்த நிலைக்கு வராமலிருக்க 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் ஒருமுறை, சில்லு ஆறிய பிறகு, மறுபடி இறுக்கம் பாருங்கள். ஹட்டனிலிருந்து நுவரெலியா போய்வந்த மறுநாள் காலை சரியான நேரம்.

ஸ்டியரிங் நடுங்குகிறது

மலை வீதியில் 30, 40ல் ஓடும்வரை பேலன்ஸ் பிழை தெரியாது. அவிசாவளை தாண்டி 70, 80 போகும்போதுதான் ஸ்டியரிங் துடிக்கும். முன்பு பின்னால் இருந்து மறைந்துகொண்ட பிழை முன்னுக்கு வந்திருக்கிறது. தூரப் பயணத்துக்கு முதல்நாள் சில்லு மாற்றாமல், ஒரு வாரம் முன்னதாகவே மாற்றிவிடுங்கள்.

*60க்கு மேல் மட்டும் நடுக்கம்.* ரிம்மின் உட்பக்கத்தில் காய்ந்த தோட்டத்து மண்ணைக் கழுவுங்கள். கைப்பிடியளவு மண் போதும் நடுங்க. பேலன்ஸுக்காக ரிம்மில் ஒட்டிய ஈயக்கட்டி கழன்று ஒட்டுப்பசையின் தடம் மட்டும் தெரிகிறதா பாருங்கள். சில்லைக் கழற்றி, முகம் சுரண்டி, போல்ட்டில் ஒரு துளை தள்ளி ஏற்றி ஓட்டிப் பாருங்கள். இத்தனைக்கும் மாறாவிட்டால் முன் சில்லு இரண்டையும் பேலன்ஸ் பண்ணக் கொடுங்கள்.

*20, 30லேயே வண்டி நெளிகிறது.* நட்டுகள் இறுக்கமென்றால் டயருக்குள் கம்பிப் படை விட்டிருக்கலாம், அல்லது ரிம் வளைந்திருக்கலாம். சில்லைத் தூக்கி, டயருக்கு அருகே ஒரு குச்சியை அசையாமல் பிடித்துச் சில்லைச் சுற்றுங்கள். இடைவெளி 2 மில்லிமீற்றருக்கு மேல் கூடிக் குறைந்தால், அல்லது பக்கச் சுவரில் புடைப்பு இருந்தால், அந்தச் சில்லு ஓட்டத்துக்கு இல்லை.

*பிரேக் பிடிக்கும்போது மட்டும்.* ஏர் கன்னால் ஒருபக்கமாக இறுக்கியிருந்தால் டிஸ்க் இழுபட்டிருக்கும். எல்லா நட்டுகளையும் இளக்கி வரிசைப்படி மறுபடி இறுக்குங்கள். இரண்டு நாள் ஓடியும் மிதி துடித்தால் டிஸ்க் கடைசல் அல்லது புது டிஸ்க், கராஜ் வேலை.

*எந்த வேகத்திலும், வளைவில் கூடுதலாக.* தூக்கிய சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பெயாரிங் அல்லது போல் ஜொயின்ட். இடமும் வலமும் மட்டும் ஆடினால் டை ரொட் எண்ட். இரண்டையும் வீட்டில் தொட வேண்டாம்.

ஒரு பக்கம் இழுக்கிறது

முதலில் காற்று. முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறாக இருக்கலாம். சாரதி பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய தாளைப் பார்த்து இடம் மாறிய டயர்களுக்குக் காற்றைத் திருத்துங்கள். மறந்துபோவது இதுதான். அடுத்து வீதியின் சாய்வு: மழைத் தண்ணீர் ஓட வீதி ஓரத்துக்குச் சாய்ந்திருக்கும், கார் இடப்பக்கம் சரிவது இயல்பு. இரு திசையிலும் ஓட்டிப் பாருங்கள்.

காற்று சரி, இழுவை நிற்கவில்லை என்றால், அம்புக்குறி இல்லாத டயர்களில் முன் இரண்டையும் பக்கம் மாற்றுங்கள். இழுவையும் பக்கம் மாறினால் டயரில் பிழை. அதைப் பின்னுக்கு அனுப்பினால் போதும். மாறாவிட்டால் பிரேக்கைச் சந்தேகியுங்கள். கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தி, முன் ரிம் இரண்டிலும் ஒவ்வொரு துளி தண்ணீர் விடுங்கள். ஒன்றில் மட்டும் ‘சுர்’ என்று ஆவியானால் அந்தப் பக்கத்துக் கலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பகுதி) விடவில்லை. அதோடு எந்த இறக்கமும் இறங்க வேண்டாம், பாஸை வரச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அலைன்மென்ட்.

புதுச் சத்தம்

‘சிர்ர்’ என்ற தகரச் சத்தம்: டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள தகடு சில்லைக் கழற்றும்போது வளைந்திருக்கும், அல்லது அதற்குள் சிறு கல். விரலால் தகட்டைப் பின்னுக்கு வளைத்தால் முடிந்தது. ‘ங்ங்’ என்ற இரைச்சல்: பின்னால் பள்ளமாகத் தேய்ந்த டயர் இப்போது காதுக்கு அருகே வந்திருக்கிறது. அகன்ற வளைவில் ஸ்டியரிங்கை வளைக்கும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால் மட்டும் பெயாரிங், மாறாவிட்டால் டயர்தான்.

மாற்றிய சில்லில் காற்று இறங்குகிறது

கொழும்பில் 32 பிஎஸ்ஐ அடித்து நுவரெலியாவுக்கு ஏறினால் காலைக் குளிரில் மானி 3 குறைவாகக் காட்டுவது இயல்பு என்று சொல்வார்கள். குளிர் குறைப்பது உண்மை. ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் மானி கிட்டத்தட்ட அதே அளவைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே அங்கே நிறுத்திய காரில் மானி 3 குறைவாகக் காட்டினால் அது லீக்.

சவர்க்காரத் தண்ணீரை முதலில் வால்வின் வாயில் விடுங்கள். குமிழி வந்தால் உள் ஊசியை இறுக்கினாலோ மாற்றினாலோ போதும். பிறகு வால்வின் அடி ரப்பரை வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் டயரைக் கழற்றித்தான் மாற்ற முடியும். பிறகு டயர் முகம், ஆணிக்காக. கடைசியாக ரிம்மும் டயரும் சேரும் விளிம்பு: அலோய் ரிம்மில் வெள்ளைத் துரு பூத்து அங்கே காற்றுக் கசிந்தால், டயர் கடையில் விளிம்பைச் சுரண்டிப் பசை பூசி மறுபடி ஏற்றுவார்கள். அதுவரை இரண்டு நாளைக்கு ஒருமுறை காற்றுப் பாருங்கள். 25க்குக் கீழே இறங்கிய சில்லோடு வெல்லவாய இறக்கத்துக்குப் போக வேண்டாம்.